குழல் தாழும் நொடி

…கனமாகத்தான் இருக்கும், கனமாக இருந்தால்தான் சுட்டதும் வருகிற உதையைக் கை தாங்கும் என்கிறான் துப்பாக்கிக் கடை வெண்டல், சொல்லாமல் என்ன, கடைக்காரன் வாயில் கனத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும், இலேசுக்கும் ஒரு நியாயம் இருக்கும், மார்லிஸ் அந்த நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்து எதிர்ச் சுவரில் அறைந்திருந்த கரடித் தோலின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள், குழலின் நுனி நிற்க மாட்டேன் என்றது, தோலின் காதுக்கும் கழுத்துக்குமாக அலைந்தது, அறுபத்தோரு வயதில் முதல் கைத்துப்பாக்கி, அலாஸ்காவில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ரைஃபிள் தெரியும், ஷாட்கன் தெரியும், மீன்பிடிக் கரையில் குடிலின் கதவுக்குப் பின்னால் முப்பது வருடம் சாத்தி வைத்திருந்தது ஷாட்கன்தான், ஆனால் வலையில் இரண்டு கையும் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற துப்பாக்கி யாருக்கு உதவும்? மார்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும், ஒரு கையை உதறி எடுத்தால் கைக்கு வர வேண்டும், ஜூன் பிறந்தால் சால்மன் வந்துவிடும், இந்த முறை அவள் தனியாகத்தான் போகிறாள். மகள் ஆங்கரேஜிலிருந்து தினமும் போன் செய்து போகாதே என்கிறாள். போகாமல் வேறெங்கே போவது என்று கேட்டால் மறுநாள் மறுபடி போகாதே என்கிறாள்.

காப்பிப் பானைக்குப் பக்கத்து நாற்காலியில் ஹார்லன் உட்கார்ந்திருந்தார், எண்பது வயது, எதையும் வாங்கி யாரும் பார்த்ததில்லை, கடை திறந்ததும் வந்து பூட்டும்போது போவார், வருகிறவர்கள் எந்தத் துப்பாக்கியைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. "ஏம்மா மார்லிஸ், அதை வெச்சுக் கரடியைச் சுடப் போறியா, இல்ல தூக்கி அது தலையில போடப் போறியா?" என்றார், வெண்டல் சிரிக்கவில்லை, அவள் சிரித்து வைத்தாள், சிரிக்காவிட்டால் பாவம், புருஷன் ஓரின் போன துக்கம் என்று அதற்கும் ஒரு முகத்தை வைத்துக்கொள்வார்கள், அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. மேசைமேல் பச்சைத் துணியில் மூன்று ரிவால்வர்கள், கையிலிருக்கிற இந்தக் கனத்த எஃகு, அதே குண்டுக்கு இன்னும் ஆங்காரமாக உதைக்கிற இலேசான ஒன்று, ஓரத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கிற மாதிரி ஒரு முந்நூற்றைம்பத்தேழு, எண்தான் பெரிது, குண்டு சின்னது. ஓரினோடதே இருக்குமே, அதை எடுத்துட்டுப் போகலாமே என்று வெண்டல் வந்தவுடன் மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், அது போலீஸ்காரர் கொடுத்த காகிதப் பையிலேயே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது, சோப்புக்கும் எலிப்பொறிக்கும் நடுவில், அந்தப் பையை அவள் பிரிக்கவே இல்லை.

ஓரினுடையது நானூற்றைம்பத்துநாலு, ஐந்தே அறை, இந்த ஊரில் அதைவிடப் பெரிதை யாரும் மார்பில் கட்டிக்கொண்டு போனதில்லை. பாய்ந்து வந்த கரடிமேல் ஐந்தையும் தீர்த்துவிட்டுத்தான் விழுந்தான், இதுதான் கதை, அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் ஆளுக்கொரு தட்டில் மான்கறியும் பீன்ஸும் வைத்துக்கொண்டு முதலில் சொன்னவன் வெண்டல், நின்னு சுட்டான், ஓடலை, ஓரின் ஓடற ஆள் இல்லை, அதற்கப்புறம் அது மதுக்கடைக்குப் போனது, படகுத்துறைக்குப் போனது, தபால் நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பெண் அழுதாள், உங்க வீட்டுக்காரர் மாதிரி எத்தனை பேர் நிப்பாங்க என்று. அவள் தலையை ஆட்டினாள். போலீஸ்காரர் அவளிடம் மட்டும் சொன்ன கதை வேறு, சமையலறையில் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சொன்னார், அந்தக் கரடியைத் தேடிப் பிடித்து அறுத்துப் பார்த்தோம், அதன் உடம்பில் ஒரு குண்டும் இல்லை, ஓரினின் பூட்ஸிலிருந்து நாலைந்து தப்படிக்குள் பாசியைத் தோண்டி மூன்று குண்டு எடுத்தோம், மற்ற இரண்டும் மண்ணுக்குள் எங்கேயோ. எட்டுத் தப்படியில் வந்த கரடி. முப்பது வருடம் வீட்டுக்கு மான்கறி கொண்டுவந்த கை, இருநூறு கஜத்தில் நிற்கிற கடமானைத் தோளுக்குப் பின்னால் ஒரே குண்டில் மடக்குகிற கை, எட்டுத் தப்படியில் தரையைச் சுட்டிருக்கிறது. எப்படி?

அந்த எப்படியோடுதான் குளிர்காலம் முழுக்க அவள் குடித்தனம் செய்தாள். ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது, குடித்திருக்கிறான், மறுபடி ஆரம்பித்துவிட்டான், பத்து வருடம் கழித்து, அவள் ஊருக்கு வந்திருந்த அந்த வாரத்தில், தனியாகக் கரையில் இருந்தபோது… வேறென்ன? அவள் தேடினாள், வண்டி இருக்கைக்கு அடியில், படகுக் கொட்டகையில், வலைகளை உதறி, மிதவைக் கட்டைகள் போட்டிருந்த பீப்பாயைக் கவிழ்த்து, ஒரு பாட்டிலும் கிடைக்கவில்லை, கிடைக்காததும் அவன் கெட்டிக்காரத்தனம் என்றே எடுத்துக்கொண்டாள், அந்தக் காலத்தில் பெயின்ட் டப்பாவில் ஊற்றி வைத்தவன்தானே. ரத்தத்தில் சாராயம் இருந்ததா என்று போலீஸ்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். குடியை விட்டவர்கள் கூட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், ஓரினுக்குக் குடிக்காமல் இருந்ததற்கான பதினோராம் ஆண்டு நாணயம் தயாராக இருக்கிறது, வருகிற மாதம் கொடுப்பதாக இருந்தோம், அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பலாமா என்று, அவள் அதை வாங்கிக்கொண்டு நன்றி என்றாள், சட்டைப்பையில் வைக்கவில்லை, திருகாணியும் பழைய சாவியும் போட்டு வைக்கிற இழுப்பறையில் போட்டு மூடினாள். பொய்யனுக்கு எதற்கு நாணயம்? ஊர் அவனை வீரன் என்கிறது, அவள் அவனைக் குடிகாரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு அந்த வீரன் பெண்டாட்டிக்கு வருகிற பலகாரத்தை எல்லாம் வாங்கிச் சாப்பிட்டாள்.

"வாங்க, பின்னாடி போய்ச் சுட்டுப் பாத்துடலாம். பேசிக்கிட்டே இருந்தா கைக்குத் தெரியாது" என்றான் வெண்டல். கடைக்குப் பின்னால் சரளை தோண்டிய பள்ளம், நிழலில் அழுக்குப் பனி இன்னும் ஒரு திட்டு கிடந்தது, மண்மேட்டுக்கு முன்னால் ஒரு கட்டையில் காகிதத் தட்டை ஆணி அடித்திருந்தான், விருந்துக்கு வைக்கிற தட்டு, கரடியின் நெஞ்சு அவ்வளவுதான் என்று கணக்கு. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, விரலை விசைமேல வைக்காதீங்க, இப்ப வைங்க… முதல் குண்டு வெடித்ததும் அவளுக்குத் தன் பெயரே மறந்த மாதிரி இருந்தது, கை மேலே போய்விட்டது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் யாரோ பிரம்பால் அடித்த எரிச்சல், தட்டில் ஓட்டை இல்லை, தட்டுக்கு ஐந்தடி முன்னால் சரளை புகைந்தது. இரண்டாவதும் சரளைதான். இதென்ன, நேராகத்தானே பிடிக்கிறேன், குறி தட்டில்தானே இருக்கிறது? துப்பாக்கி கோணலா? வெண்டல் அதை வாங்கி உருளையிலிருந்த காலி இரண்டையும் கீழே உதறிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ போட்டான், உருளையை மூடி, ஆறு அறையில் எதிலெதில் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி கையில் கொடுத்தான். "இப்ப மெதுவா. தட்டை மட்டும் பாருங்க."

அவள் தட்டை மட்டும் பார்த்தாள், மூச்சை விட்டாள், விசையை இழுத்தாள், வெடிக்கவில்லை, டிக் என்று ஒரு சத்தம், வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் அவள் கண்ணெதிரே, அவள் கையாலேயே, சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. யாரும் தள்ளவில்லை, உதை இல்லை, சத்தம் இல்லை, உதைக்கப் போகிறது என்று கை பயந்து தானாகவே அமுக்கிவிட்டது. அவளுக்கு முகம் சுட்டது, ஊர் நடுவில் உள்ளாடை தெரிய விழுந்த மாதிரி இருந்தது. "பையில இருந்த பழைய சுட்ட தோட்டாவைக் கலந்து போட்டேன், மூணு வெறும் தோட்டா, மூணு நிஜம்" என்றான் வெண்டல், "வெடிச்சா அந்தக் குதிப்புல தெரியாது, வெடிக்கலைன்னா தெரிஞ்சுடும். கை முன்கூட்டியே பயப்படுது மார்லிஸ், அவ்வளவுதான். பெரிய குண்டுன்னா எல்லாருக்கும் வரும். சனிக்கிழமை பொம்பளைங்க வகுப்புல எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல செய்வேன்." எல்லாருக்கும் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். அவள் தட்டுக்கு முன்னால் சரளையில் இருந்த இரண்டு பள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து தப்படிக்குள் என்று சொன்னார் போலீஸ்காரர்.

"ஓரினுக்கும் இப்படித்தானா?" வெண்டல் குனிந்து காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான், இரண்டே இரண்டுதான் கிடந்தன, அதைப் பொறுக்க எவ்வளவு நேரம். "வெண்டல், உன்னைத்தான் கேக்கிறேன்." "முதல் நாளே" என்றான் நிமிராமல். "அஞ்சு சுட்டான், அஞ்சும் மண்ணு. துப்பாக்கி கீழ அடிக்குது, குறியைப் பாருன்னான். சரி, குண்டு மேல போகட்டும்னு பின்குறித் திருகைக் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தேன். மறுபடி அஞ்சு சுட்டான், ஒண்ணு தட்டு விளிம்புல பட்டுது. இப்ப சரியா இருக்குன்னான். ஆமான்னேன்." ஆமான்னியா? "பின்ன? வெறும் தோட்டா போட்டு இந்தா பாரு, நீ பயப்படறேன்னு ஓரினுக்குக் காட்டச் சொல்றீங்களா? ஆம்பளைங்ககிட்ட அதைச் செய்யறதில்ல மார்லிஸ். ஒருத்தருக்குச் செஞ்சேன், பன்னெண்டு வருஷமாச்சு, இன்னிவரைக்கும் கடைப்பக்கம் தலை வெச்சுப் படுக்கலை, ரோட்டுல பாத்தா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறாரு." பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றான். நினைச்சே… இருபது வருடம் அவள் மேசையில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டவன், அந்தக் குழல் குனிந்ததைப் பார்த்தவன், திருகை ஏற்றிக் கொடுத்து மார்புக்குத் தோல் உறையும் மாட்டிவிட்டு, கடைசியில் சர்ச்சில் எழுந்து நின்னு சுட்டான் என்றும் சொன்னவன். தெரிந்துதான் சொன்னானா? அவனை அறையலாம் என்று இருந்தது, காதுமூடியோடு சேர்த்து ஓங்கி ஒரு அறை. அவள் அறையவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொன்று வந்துவிட்டது, குடிக்கவில்லை, அவன் குடிக்கவில்லை, பயந்திருக்கிறான், அவ்வளவுதான், பத்து வருடமும் பதினோரு மாதமும் ஒரு சொட்டு தொடாமல் இருந்த மனுஷனை அவள் எட்டு மாதமாக… செத்தவனை, பதில் சொல்ல வாயில்லாதவனை… பனித் திட்டுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று அழுதாள். வெண்டல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் அந்த முந்நூற்றைம்பத்தேழைக் கொண்டுவந்தான், கேட்காமலே. அதுவும் உதைத்தது, ஆனால் ஒரு மனுஷன் உதைக்கிற அளவுக்கு, மூன்று நிஜம் மூன்று வெறும், டிக், குனிந்தது, டிக், கொஞ்சம் குனிந்தது, மறுபடி போடு என்றாள், மறுபடி, கொசு ஒன்று கன்னத்தில் உட்கார்ந்து கடிப்பது தெரிந்தும் தட்டிவிடவில்லை, ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ டிக் என்றபோது குழல் அப்படியே நின்றது, தட்டின் நடுவையே பார்த்துக்கொண்டு. அடுத்தது வெடித்தது, தட்டில் ஓட்டை. இதுல கெட்டியான ஈயக்குண்டு போட்டுத் தர்றேன், பெரிய கரடிக்கு இது சின்னதுதான், ஆனா மண்ணுல போற பெரிய குண்டைவிட… என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். அவளுக்குத் தெரியும். வீட்டு அலமாரியில் அந்தப் பெரிய தோட்டாப் பெட்டி இருக்கிறது, ஐம்பதில் முப்பத்தைந்து மீதி, ஆறு வருடத்தில் பதினைந்துதான், கஞ்சன் என்று அதற்கும் திட்டியிருக்கிறாள், இன்றைக்குத்தான் கூட்டிப் பார்க்கிறாள், இங்கே ஐந்து, திருகை ஏற்றியபின் ஐந்து, கரையில் ஐந்து. வாங்கிய நாளுக்கு அப்புறம் அவன் அதைச் சுடவே இல்லை. தினமும் காலையில் மார்பில் கட்டிக்கொண்டு, அது தன்னை அடிக்கும் என்று தெரிந்துகொண்டே, போய் வந்திருக்கிறான். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு என்ன, முப்பத்தாறு வருடம் கூடப் படுத்தவளிடம், இது எனக்குப் பெரிசு மார்லிஸ் என்று நாலு வார்த்தை?

என்னவா… கடைக்குள் வந்து காகிதத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது, பெயர், பிறந்த தேதி, இந்தத் துப்பாக்கியை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா, ஆம், அந்த ஆம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி நின்றுவிட்டாள். இதே மேசை, ஆறு வருடம் முன்னால். ஓரினின் கை முதலில் முந்நூற்றைம்பத்தேழில்தான் போய் நின்றது, எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தான், பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது, அப்போது காப்பிப் பானைப் பக்கத்திலிருந்து ஹார்லன், நாற்பது வருடமாக இந்த மாநிலம் முழுக்க எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற அந்த ஜோக்கைச் சொன்னார், அதை வாங்கினா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற குறியை ராவி விட்டுடுப்பா, கரடி பிடுங்கித் திருப்பி உனக்குள்ளயே சொருகும்போது குத்தாது. கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்ததோடு விட்டாளா, உன் சின்னத்தை வெச்சுட்டுப் பெரிசாப் பாரேன், வீட்டுல எனக்கும் கொஞ்சம் கௌரவமா இருக்கும் என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஓரினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையிலிருந்ததைத் துணிமேல் வைத்துவிட்டு, மேல் தட்டில் இருந்த ஐந்தறைப் பெரியதைக் காட்டி, அதைக் குடு வெண்டல் என்றான். அவள் கடைக்குள்ளேயே இருக்க, வெண்டலோடு பின்னால் போய்ச் சுட்டுவிட்டு வந்தவன், அன்று சாயங்காலம் வீங்கிய கைமேல் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கு என்று கேட்டாள், அருமையா இருக்கு என்றான், அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்துக்குக் கீழே தேதியைத் தப்பாக எழுதி அடித்துத் திரும்ப எழுதினாள். வெண்டல் விற்கலாமா என்று போனில் அதிகாரி யாரிடமோ அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, சரி என்று வந்தபின் முந்நூற்றைம்பத்தேழு இருந்த பெட்டியைக் காகிதப் பையில் போட்டு மேல் விளிம்பை மடித்தான், தோல் உறையைத் தனியாகச் சுற்றினான், வண்டிவரை கொண்டுவந்து தரட்டுமா என்றான், வேண்டாம் என்றாள், அவன்மேல் கோபம் இன்னும் இருந்தது, போகும்போது எதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், நன்றாக உறைக்கிற மாதிரி ஒரு வார்த்தை, அதைத் தேடிக்கொண்டே கதவுக்குப் போனாள். வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த இழுப்பறையைத் திறக்க வேண்டும், கல்லறை இப்போது பனி விட்டிருக்கும், மண் இளகியிருக்கும், அங்கே போய் நின்று என்ன சொல்வது, நீ குடிக்கலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது என்றா, நான் சிரிச்சிருக்கக் கூடாது என்றா, எதை முதலில் சொல்வது, நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்று அவன்மேலேயே திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவாளோ, அதுதான் அவளுக்குப் பழக்கம்.

"என்னம்மா, கடைசியில எதைத்தான் எடுத்தே?" என்று கேட்டார் ஹார்லன், காப்பியை ஊதிக்கொண்டு, சும்மாதான் கேட்டார், பையைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், படகுத்துறை ஆட்கள், பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள்.

"நாற்பத்துநாலு" என்றாள் மார்லிஸ்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. யோசித்துச் சொல்லவில்லை, பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவுமில்லை, ஒரு கிழவன் கேட்டான், அதற்குள் வாய் முந்திக்கொண்டது. அப்படிப் போடு, ஓரின் பெண்டாட்டின்னா சும்மாவா என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள். அவள் திரும்பி மேசையைப் பார்த்தாள், வெண்டலுக்குக் கேட்டிருந்தது, அவள் நிரப்பிய காகிதம் அவன் கையிலேயே இருந்தது, ஒரு நொடி அவளை நிமிர்ந்து பார்த்தான், அப்புறம் அதைக் கோப்பில் வைத்து மூடினான். அவன் சொல்லாமல் விட்டது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், வண்டி வரை நடந்து வந்தபின்னும் அது போகவில்லை.